ஐந்தே கால்

முதலில் எழுதிக் கொடுத்தது 'குட்டி நீர்நாய்கள்'.
இருக்கிறது என்றார் ஆஸ்குட்,
திரையை என் பக்கம் திருப்பாமலே.
வடக்கே நாற்பது மைல் தள்ளி ஒருத்தி
பத்து வருடமாக அந்த நீர்நாய்களை வைத்திருக்கிறாளாம்.

'சூரியகாந்தி'?
இந்த மாநிலத்தில் மட்டும் முப்பத்தெட்டு பூத்திருந்தன.
வெளியே பிப்ரவரி.
டுலூத் ஏரி கரையிலிருந்து கல் மாதிரி கிடந்தது.

உரிமம் வந்து மூன்று வாரம்.
தீயணைப்பு அதிகாரி நிலவறை ஜன்னலை
நாடா வைத்து அளந்து,
தானே அதில் ஏறி வெளியே பனியில் விழுந்து,
சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.
ஆறு குழந்தைகள் வரலாம். ஆறு கொக்கிகள் அடித்தாயிற்று.
பெயர் மட்டும் இல்லை.

இரவு மின்கட்டண உறையின் பின்புறத்தில்
எழுதி எழுதி அடித்தேன்:
வானவில், தேன்கூடு, முதல் அடி.
எல்லாமே சோப்புக் கட்டியின் பெயர்கள்.
'அகாடமி' என்று சேர்த்துப் பார்த்தேன்;
உருளைக்கிழங்கு வேகவைக்கும் வீட்டில்
அந்தச் சொல் தொப்பியைக் கழற்றாமல் நின்றது.

வரப்போகிறவர்கள் யாரும் பெயர் கேட்கவில்லை.
டேல் கோவால்ஸ்கி தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்:
எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?
நகராட்சிக்குப் பனிவண்டி ஓட்டுகிறான்.
மனைவி இல்லை. ஜூனி இருக்கிறாள், இரண்டு வயது.
ஊர் எழுவதற்குள் அவன் ஊரைத் தோண்டி எடுக்கவேண்டும்.
ஐந்தே கால், என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு மூக்கை உறிஞ்சினான். சளியாக இருக்கலாம்.

மறுநாள் அதையே எழுதிக் கொடுத்தேன்.
ஆஸ்குட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'நாளைக்கு ஆறு மணிக்குத் திறந்தால்?'
'சட்டம் கேட்குமா?'
யோசித்தார். 'கேட்காது. நான்தான் கேட்டேன்.'

படிவத்தின் மேல் பகுதி: புனைபெயர்.
கீழ்ப் பகுதி: அதை வைத்துக்கொள்பவரின் உண்மைப் பெயர்.
வெர்னா டுவோமினென் என்று எழுதினேன்.
பேனா அங்கேயே நின்றது.
டுவோமினென் போய் நாலு வருடம்.
கதவில் அவன் ஒட்டிய எழுத்துகளைச் சுரண்டினேன்,
வண்ணம் பெயர்ந்தது, பெயர் பெயரவில்லை;
வங்கியில், ஓட்டுநர் அட்டையில், பல் மருத்துவரிடம்
இன்னும் அவன் வீட்டுப் பெயர்தான் என்னைக் கூப்பிடுகிறது.
இரண்டில் எது புனைந்தது என்று
கேட்கக் கட்டம் எதுவும் இல்லை.
கட்டணம் ஐம்பது டாலர். ரசீது வாங்கிக்கொண்டேன்.

செய்தித்தாளில் இரண்டு முறை போடவேண்டுமாம்,
ஊருக்குத் தெரிய.
ஏலத்துக்கு வந்த படகுக்குக் கீழே,
காணாமல் போன நாய்க்கு மேலே
பொடி எழுத்தில் வந்தேன்.
முதல் வாரம் ஐந்தேக்கு ஏ விழுந்துவிட்டது.
கூப்பிட்டுச் சண்டை போட்டேன்;
மூன்றாவது முறை காசு வாங்காமல் போட்டார்கள்.
நாய் இரண்டாம் வாரமே கிடைத்துவிட்டது.

டேல் முதல் காசோலையை அந்தப் பெயருக்கே எழுதினான்,
ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி.
அப்படி ஒருவரும் இங்கே கணக்கு வைக்கவில்லை என்றாள்
வங்கிப் பெண். சான்றிதழ் வரட்டும்.
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில்
பதினோரு நாள் தொங்கியது
இன்னும் பிறக்காத ஒருத்திக்கு வந்த பணம்.

இன்று விடியும் முன்னே பதினான்கு அங்குலம்.
தெருமுனையில் வண்டிக் கத்தி
தார்ச்சாலையைச் சுரண்டும் சத்தம், மஞ்சள் விளக்கு.
கடிகாரம் நாலு ஐம்பது.
இரவு உடையின் மேலேயே பனியுடை மாட்டி
மூட்டையாக ஜூனி அவன் தோளில்.
'சீக்கிரம் வந்துட்டேன்,' என்றான். 'பேர்ல...'

ஷூவைக் கழற்று, தரை நனையுது, என்றேன்.